வலது கைப் பிரேக்

பிப்ரவரி 10, திங்கள்

கை டாக்டர் இந்த நோட்டை எழுதச் சொல்லியிருக்கிறார். வலது கை எப்போது மரத்துப்போகிறது, எந்த விரல், எத்தனை நேரம், எல்லாம் தினமும் குறித்துக்கொண்டு இருபத்து நாலாம் தேதி வர வேண்டுமாம். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதாம். குறையவில்லை என்றால் சின்ன ஆபரேஷன், அப்புறம் ஒன்றரை மாதம் நுணுக்க வேலை எதுவும் கூடாது என்றார். ஒன்றரை மாதமாம். சொல்வது சுலபம்.

பத்தாவதுக்குப் பிறகு மளிகைச் சீட்டைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. ஆனாலும் உட்கார்ந்தால் எழுத வருகிறது. டாக்டர் படித்துச் சலித்துக்கொள்ளட்டும்.

கை: சரி.

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்று பஞ்சர், ஒரு செயின், வெயில். கை: சரி.

பிப்ரவரி 12, புதன்

டாக்டருக்கு என் வேலை என்னவென்று தெரிய வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன். திருச்சி ரோட்டில் பிரிட்டோ தம்பி வைத்திருக்கும் சைக்கிள் கடையில் ஆறு வருடமாக மெக்கானிக். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் கணபதியில் ஒரு பட்டறையில் ஆழ்குழாய் மோட்டாருக்கு வைண்டிங். கண்ணுக்குத் தெரியாத துவாரத்துக்குள் கம்பியை விட்டு அந்தப் பக்கம் வாங்குகிற வேலை. பிரிட்டோ வீட்டு மோட்டார் எரிந்துபோய் எங்கள் பட்டறைக்கு வந்தவர், அரை மணி நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, எங்கடையில இதே வேலைதானுங்க, சைக்கிளுக்குள்ள" என்றார். போய்விட்டேன்.

அது உண்மைதான். இப்போது வருகிற விலை கூடிய சைக்கிள்களில் பிரேக்குக்குக் கம்பி கிடையாது, எண்ணெய்தான். எண்ணெய் ஓடும் மெல்லிய குழாய் வெளியே தெரியக் கூடாதாம், அழகு கெடுமாம். கையால் அமுக்குகிற லிவரில் தொடங்கி ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, வளைவில் திரும்பி, கழுத்துக்குள் இறங்கி, சக்கரம்வரை உள்ளேயே போகும். கண்ணால் பார்க்க வழியில்லை. விரல் நுனிதான் கண்.

இன்றைக்கு மஞ்சரி வந்திருந்தாள். கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியாரம்மா, முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டுச் சைக்கிள். அதில் முன்சக்கரப் பிரேக் இடது கையில் வருகிறது.

"ஸ்கூட்டர்ல வலது கைதானுங்கக்கா முன்பிரேக்கு. பதறினா என் கை இதையும் ஸ்கூட்டர்னே நெனச்சுக்குது. போன வருசம் கோத்தகிரி எறக்கத்துல பின்பிரேக்குன்னு நெனச்சு இடது கையை அமுக்கிட்டேன். முன்சக்கரம் நின்னுருச்சு, நான் நிக்கல." தோள்பட்டை எலும்பைத் தொட்டுக் காட்டினாள். மேடாக இருந்தது. "இருபத்து மூணாந்தேதி ஞாயித்துக்கெழம மறுபடி போறேன். மாத்திக் குடுத்துருங்க, பயமில்லாம எறங்கணும்."

மாற்றுவது என்றால் இரண்டு குழாயையும் ஹேண்டில்பாரிலிருந்து உருவி, இடம் மாற்றி, மறுபடி உள்ளே விட வேண்டும். "அதுக்கென்ன கண்ணு, பண்ணிக் குடுத்தர்றேன்" என்றேன்.

கை: சரி.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று முழுக்கப் பிரித்தேன். இன்றைக்கு முழுக்க உள்ளே விட்டேன். இடது பக்கம் போய்விட்டது. வலது பக்கம் பாடாய்ப் படுத்துகிறது. முதலில் மெல்லிய கம்பியை விட்டு, அதன் வாலில் குழாயைக் கட்டி இழுப்போம். வளைவில் ஒரு சின்ன ஓட்டை. கம்பியின் நுனி அங்கே வந்ததும் விரலால் தொட்டுத் தூக்கிவிட வேண்டும். நுனி வந்ததா வரவில்லையா என்றே தெரியவில்லை. இந்த ஹேண்டில்பாரைச் செய்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

பிரிட்டோ இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். "என்னக்கா, நீங்க ஒரு மணி நேரத்துல முடிக்கறவங்களாச்சே?"

"ஹேண்டில்பாருக்குள்ள பிசிறு இருக்குதுங்க தம்பி" என்றேன்.

கை: சரி.

பிப்ரவரி 15, சனி

பிசிறுதான். வேறொன்றுமில்லை.

இவர், என் வீட்டுக்காரர், காலை ஷிப்ட் முடிந்து வந்து தேங்காய் துருவி வைத்திருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தேங்காயை உடைக்கக்கூடத் தெரியாத மனுஷர். "என்னுங்க, திடீர்னு?" என்று கேட்டேன். "சும்மாதான் இருந்தேன்" என்றார்.

கை: சரி.

பிப்ரவரி 16, ஞாயிறு

தூங்கினேன். எழுந்தபோது துணியெல்லாம் துவைத்துப் பிழிந்து கொடியில் கிடந்தது. இந்த மனுஷருக்கு என்னிடம் என்ன காரியம் ஆக வேண்டுமோ தெரியவில்லை. கை: சரி.

பிப்ரவரி 17, திங்கள்

போய்விட்டது! மாலை நாலு மணிக்கு. இடது கை விரலால் தடவித் தடவி, ஒரு கட்டத்தில் கம்பியைப் பல்லால் கடித்து இழுத்து, எப்படியோ போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தவள் கால் மணி நேரம் எழவில்லை. இந்தக் கூத்தை இன்னொரு தடவை என்னால் ஆட முடியாது.

கை: கொஞ்சம் அசதி. சரி.

பிப்ரவரி 18, செவ்வாய்

குழாயை அளவாக வெட்டி லிவரில் மாட்டுகிற நாள். குழாயின் நுனியில் உளுந்தளவு ஒரு பித்தளை வளையம் போட வேண்டும். திருகாணியை முறுக்கும்போது அந்த வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். எண்ணெயைப் பிடித்து நிறுத்துவதும் அது, குழாய் பிடுங்கிக்கொள்ளாமல் காப்பதும் அது. பிரேக் கம்பெனிக்குக் கம்பெனி வளையம் மாறும். கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான். விரலிடுக்கில் உருட்டினால் ஒன்று மயிரிழை பருமன், இன்னொன்று மெலிவு. கடையில் மற்றவர்கள் வெர்னியர் வைத்து அளப்பார்கள். நான் உருட்டிப் பார்த்துச் சொல்வேன். இதுவரை தப்பியதில்லை.

ஒரு சைக்கிளுக்கு ஒரு தட்டு என்பது நானே கடையில் போட்ட சட்டம். ஆனால் இன்றைக்குத் தட்டிலிருந்து வளையத்தை எடுக்கவே முடியவில்லை, எண்ணெய் பட்டு வழுக்குகிறது. மூன்று தடவை கீழே விழுந்தது. கடைசியில் டிபன் பாக்ஸ் மூடியில் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டேன். மூடிக்கு விளிம்பு இருப்பதால் ஓரத்துக்குத் தள்ளி நகத்தால் எடுக்க வருகிறது. இது நல்ல யோசனை, மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

இடது லிவரை மத்தியானத்துக்குள் முடித்தேன். வலது லிவர் சாப்பாட்டுக்குப் பிறகு. எண்ணெய் ஏற்றி, காற்றெல்லாம் எடுத்து, லிவரை அமுக்கினால் கல் மாதிரி நிற்கிறது. வலது கை, முன்சக்கரம். ஸ்கூட்டர் மாதிரியே.

கை: சரி.

பிப்ரவரி 19, புதன்

மஞ்சரி சைக்கிளை வாங்கிக்கொண்டு போனாள். ரோட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அக்கா, தங்கமான கைங்க உங்களுக்கு." அவள் கையை விட்டுவிட்டாளா என்பதே குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது.

கை: சரி.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் பெஞ்சுக்கடியில் கூட்டினேன். விளக்குமாற்றோடு ஒரு பித்தளை வளையம் வந்தது. புதுசு, நசுங்காதது.

எடுத்து விரலிடுக்கில் உருட்டினேன். மறுபடி உருட்டினேன். பருமனா மெலிவா என்று சொல்லத் தெரியவில்லை. பிரிட்டோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகைக் காட்டும்வரை காத்திருந்து, டிராயரைத் திறந்து வெர்னியரை எடுத்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவை.

மஞ்சரி சைக்கிளுக்கு உண்டான வளையம் அது.

போன வாரம் ஒரு மலைச் சைக்கிளுக்கு வேறு கம்பெனியின் மெலிந்த வளையப் பாக்கெட்டைப் பிரித்ததில் ஒன்று மிச்சமாகி வேறு தட்டில் கிடந்தது. டிபன் மூடியில் கொட்டியபோது அதுவும் சேர்ந்திருக்கும். தட்டு, டிராயர், குப்பைக்கூடை எல்லாம் தேடினேன். இல்லை. அப்படியென்றால் அந்த மெலிந்த வளையம் எங்கே இருக்கிறது என்று யோசிக்க ஒன்றுமில்லை. வலது லிவருக்குள் இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு நான் போட்டபோது திருகாணி லேசாகப் போனது.

கடையில் கையால் அமுக்கினால் நிற்கும். மலை இறக்கத்தில் ஒரு மணி நேரம் அமுக்கினால் நிற்குமா? நிற்கலாம். மயிரிழைதானே.

சரிசெய்வது என்றால் நுனியை வெட்டிப் புதுவளையம் போட வேண்டும். குழாயோ அளவாக வெட்டியாயிற்று, இன்னொரு தடவை வெட்டினால் எட்டாது. புதுக்குழாய். மறுபடி ஹேண்டில்பாருக்குள் முதலிலிருந்து.

வளையத்தைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கை: சரி.

பிப்ரவரி 21, வெள்ளி

மத்தியானம் மஞ்சரிக்குப் போன் பண்ணினேன். சொல்லத்தான் பண்ணினேன்.

"அக்கா! பிரேக்கு அவ்வளவு நல்லாருக்குதுங்க. காலையில மருதமலை ஏறி எறங்கிட்டு வந்தேன்."

மருதமலை இறங்கியிருக்கிறாள், நின்றிருக்கிறது. அப்புறம் என்ன? "செயினுக்கு எண்ணெய் போட்டுக்க கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கணபதிப் பட்டறையில் சரசு என்று ஒருத்தி இருந்தாள். என்னைவிட வேகம். ஒருநாள் கம்பி கைதவறியது, இன்னொரு நாள் தவறியது. யாரும் அவளைத் திட்டவில்லை. முதலில் கழிவுக் கம்பியை எடை போடச் சொன்னார்கள். அப்புறம் டீ வாங்கி வரச் சொன்னார்கள். ஆறாம் மாதம் அவளே வேலையை விட்டு நின்றுகொண்டாள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கை: சரி.

பிப்ரவரி 22, சனி

மருதமலை மூன்று கிலோமீட்டர். கோத்தகிரி இறக்கம் முப்பத்து மூன்று.

ராத்திரி போன் பண்ணினேன். லைன் கிடைக்கவில்லை. நாளைக்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டும், போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பாள்.

கை: எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாலரை மணிக்கு எழுந்து மறுபடி போன் பண்ணினேன், அணைந்தே இருந்தது, ஸ்பேனர் பையை எடுத்தேன். இவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்க எங்கீங்க?"

"கோத்தகிரி பாத்து வருசமாச்சு" என்று பையை வாங்கிக்கொண்டார். கோத்தகிரி என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

மஞ்சரியும் அவள் கூட்டாளிகளும் மேட்டுப்பாளையத்தில் ஆறு மணிக்குக் கிளம்பிக் கோத்தகிரி ஏறி, அங்கே டீ குடித்து, அதே வழியில் இறங்குவார்கள். ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. அந்தத் தைரியத்தில்தான் பஸ் ஏறினேன். ஏழரை மணிக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர்களைப் பிடித்தோம். பச்சைப் பனியனில் மஞ்சரி முதுகை வளைத்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்துக் கையாட்டினாள். அடி பாவி மகளே, என்று அழுகை வந்துவிட்டது எனக்கு.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் நின்றோம். ஒன்பதரைக்கு மேல்தான் வந்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! எனக்காகவா வந்தீங்க!"

"இதுல எறங்காத கண்ணு."

"என்னது?"

"முன்பிரேக்குல தப்பான வளையம் போட்டுட்டேன். எறங்காத."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து வலது லிவரை அமுக்கிப் பார்த்தாள். "கொஞ்சம் மெத்துனுதான் இருந்துச்சு. குளிருக்குன்னு நெனச்சேன்."

லிவரின் ரப்பர் உறையை மடக்கிப் பார்க்க வேண்டும். நான் பிடித்து இழுத்தேன். விரல் நழுவியது. மறுபடி இழுத்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூன்றும் என் கையில் இருந்தன, ஆனால் என்னுடையவையாக இல்லை. டீக்கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சரியும் பார்த்தாள், உறையை அல்ல, என் கையை.

"நகருங்க" என்று அவளே மடக்கினாள். உள்ளே எண்ணெய். சொட்டு இல்லை, கசிவு. மினுமினுவென்று ரப்பரின் உள்பக்கம் முழுக்கப் படர்ந்திருந்தது. அவள் விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

பொய் வாய்வரை வந்தது. நேற்று ராத்திரி என்று சொல்லியிருக்கலாம்.

"வியாழக்கெழம."

"வெள்ளிக்கெழம போன் பண்ணீங்க."

"ஆமா."

"செயினுக்கு எண்ணெய் போடச் சொன்னீங்க."

"ஆமா கண்ணு."

அவள் தோள்பட்டை மேட்டைத் தடவிக்கொண்டாள். அப்புறம், "என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவள் சைக்கிளைக் கூட வந்த வேனில் ஏற்றினார்கள். வேன் கதவைச் சாத்தப் போனவள், என்ன நினைத்தாளோ, ஜன்னல் வழியாக, "அந்தக் கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"மரத்துப்போச்சு" என்றேன். டாக்டரைத் தவிர முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். பக்கத்தில் பையோடு நின்ற இவர் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் கடைக்குப் போய்ப் பிரிட்டோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையை அவிழ்த்து வளையத்தை அவர் மேசையில் வைக்க வேண்டும், முடிச்சு அவிழவில்லை. அவரே எழுந்து வந்து அவிழ்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நானுங்கக்கா என்ன பண்ணுவேன்?"

வளையத்தை டிராயரில் போட்டு மூடினார்.

"ஆபரேஷன் முடிச்சுட்டு வாங்க. வேலை இருக்குது. ஆனா பிரேக்கு வேலை இருக்குதுன்னு இப்ப சொல்ல மாட்டேன்." அது நியாயம்தான். சரசு ஞாபகம் வந்தது, ஆனால் சரசுவிடம் யாரும் இப்படி முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. இவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இந்த நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சரி, சரி, சரி. டாக்டர் இதைப் பார்த்தால் நல்லாத்தானே இருக்குது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒவ்வொன்றையும் அடித்து உள்ளதை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். இரண்டு சரியை அடிப்பதற்குள் பேனா மூன்று தடவை கீழே விழுந்தது.

இவர் பொறுக்கினார். என்னிடம் கொடுக்கவில்லை. நோட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு, நான் எழுதறேன்."

நான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவர் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஐப்பசி கடைசியில் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியவில்லை. கார்த்திகை தீபத்தன்று அகல் கைதவறியது. டிசம்பர் பதினெட்டு, காப்பி டம்ளர். பொங்கலன்று வெல்லம் தட்டவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்துத் தட்டி வாங்கினாள். ஜனவரி முப்பது முதல் விடிகாலையில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தேதி வாரியாக ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

"இத்தனையும் தெரிஞ்சுகிட்டா பேசாம இருந்தீங்க?"

"சரின்னு எழுதி வெச்சிருந்தியே. தெனமும் படிச்சேன். நீயா ஒருநாள் மாத்தி எழுதுவேன்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். உள்ளே டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதுவரை தட்டுத் தடுமாறி நானே எழுதிவிட்டேன், இதற்கு மேல் அவர் எழுத்து.

இன்றைய தேதிக்குக் கைக் கணக்கு பாக்கி இருக்கிறது, சொல்லு என்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள் என்கிறாள்.

கை: சரியில்லை. சொன்னது சுலோச்சனா. எழுதியது அவள் வீட்டுக்காரர் தங்கவேலு.